மலைப்பக்கம் செவலை, கண்மாய்ப்பக்கம் வெள்ளை

ஐயா ராசா,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். நேற்று போனில் நீ போட்ட சத்தத்திலேயே அது தெரிந்துவிட்டது. அந்தத் தொண்டை என்னிடமிருந்து வந்தது என்பதை மட்டும் மறந்துவிடாதே. "ஒத்த வரிம்மா! பாத்ததுல தப்பு நடந்துருச்சுன்னு ரேடியோவுல ஒத்த வரி சொல்லிட்டுப் போயேன், உனக்கு என்ன கொறஞ்சுரும்?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். பெங்களூரில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறீர்களோ என்னவோ, கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள். அதனால் பதிலை எழுதுகிறேன், உன் அப்பா இதைப் போனில் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவார். இதை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். உன் நண்பர்களிடம் காட்டு. உன் வருங்கால மாமனாரிடம் காட்டு. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒட்டினாலும் எனக்குக் கவலை இல்லை.

அந்த ஒரு வரி வராவிட்டால் கல்யாணம் நின்றுவிடும் என்று பெண் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பத்திரிகை அடிக்கக் கொடுப்பதை மட்டும் தள்ளிவைத்திருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம் பிடித்தாகிவிட்டது, சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது, மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் அச்சில் ஏற்றுவதற்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலை ரேடியோ நிகழ்ச்சியில் என் வாய் திறக்கவேண்டும் என்று காத்திருக்கிறார்கள். இது எனக்குப் புரியாமல் இல்லை. நீ அந்தப் பெண்ணை எவ்வளவு விரும்புகிறாய் என்பதும் தெரியும். எனக்கும் அவளைப் பிடிக்கும். உன்னைவிட அவளுக்கு விவரம் அதிகம் என்பதை நிச்சயதார்த்தத்தன்றே கவனித்துவிட்டேன்.

முதலில் என் தொழிலைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் நீ அதைத் தொழில் என்றே நினைப்பதில்லை. 'எங்கம்மா மில்லுல இருந்தாங்க, இப்ப சும்மா ரேடியோவுல பேசுறாங்க' என்று பெண் வீட்டாரிடம் நீ சொன்னது என் காதில் விழுந்தது. சும்மாவா? மில்லில் நூலைக் கோனில் சுற்றும் பகுதியில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி உரம் ஏறிய குரல் இது. நம் பகுதிக்கு உள்ளூர் ரேடியோ வந்தபோது குதிரை வண்டிப் பந்தயத்தை நேரடியாகச் சொல்ல ஆள் தேடினார்கள். வந்த ஆண்கள் எல்லாம் மேடையில் உட்கார்ந்து, வண்டி கண்ணில் படும்வரை விழாக் கமிட்டியாருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். வண்டி பாதித் தூரத்தில் என்ன செய்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. நான் போய், கூடவே போய்ச் சொல்கிறேன் என்றேன். "பொம்பள குதிரை ரேஸ் சொல்லவா?" என்று சிரித்தார்கள். உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் ஏற்பாடு ஊருக்கே தெரியும். வண்டிகளுக்கு முன்னால் உன் அப்பா ஓட்டிக்கொண்டு போவார். நான் அவர் முதுகில் முதுகு வைத்து, பின்பக்கம் திரும்பி உட்காருவேன். விழாமலிருக்க ஒரு பழைய நூல் சேலையால் இரண்டு பேர் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொள்வோம். கல்யாணத்தில் அவர் போட்ட முடிச்சைவிட இந்த முடிச்சைத்தான் நான் இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறேன். ரோட்டோரத்தில் நிற்கிற கூட்டம் வண்டியைப் பக்கவாட்டில் ஒரு நொடி பார்க்கும். பின்னாலேயே பைக்கில் விரட்டி வருகிற பையன்கள் தூசியையும் சக்கரத்தையும் பார்ப்பார்கள். பந்தயத்தை முகத்துக்கு நேரே பார்க்கிறவள் நான் ஒருத்திதான். குதிரையின் காது எப்போது மடங்குகிறது, ஓட்டுகிறவர் கயிற்றை எந்தக் கையால் இழுக்கிறார், எல்லாம் எனக்குத் தெரியும்.

இந்த உட்காரும் விதத்தில் ஒரு சிக்கல் உண்டு. என் இடது கை ஓட்டுகிறவருக்கு வலது கை. வண்டி பாதித் தூரத்தில் நட்டிருக்கிற கொடியைச் சுற்றித் திரும்பி வரும்போது ரோட்டோரக் கூட்டத்துக்கும் எல்லாம் மாறிவிடும். முதல் பந்தயத்தில் இது எனக்கு உறைக்கவில்லை. 'இடது பக்கம் முந்துது, இடது பக்கம் முந்துது' என்று தொண்டை கிழியக் கத்தினேன். கிருஷ்ணன்கோவில் டீக்கடையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த இரண்டு ஊர்க்காரர்களும் தங்கள் வண்டிதான் முந்துகிறது என்று குதித்திருக்கிறார்கள். பிறகு சட்டையைப் பிடித்து, கடைசியில் டீ பாய்லரையே சாய்த்துவிட்டார்கள். கடைக்காரர் மறுநாள் வீட்டுக்கே வந்து, "யக்கா, நீ எந்தப் பக்கம் வேணாலும் பாத்துக்க, என் கடைய வுட்ரு" என்று கும்பிட்டார். அன்றைக்கு முடிவு செய்தேன், இனி இடது வலது என்ற வார்த்தையே என் வாயில் வராது என்று. இடமும் வலமும்தான் ஆளுக்கு ஆள் மாறும். மலை மாறாது, கண்மாய் மாறாது. நான் எந்தத் திசையில் உட்கார்ந்தாலும் மலை அங்கேயேதான் இருக்கும். அதிலிருந்து மலைப்பக்கம், கண்மாய்ப்பக்கம் என்றுதான் சொல்கிறேன். கண்மாய் இல்லாத ஊரில் கோயில் பக்கம், தோப்புப் பக்கம். இன்றைக்கு மேடையில் மைக் பிடிக்கிறவர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள், யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பந்தயத்தன்று உன்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போவோம். ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு, சித்தி ஊட்டுகிற சோற்றைத் துப்பிவிட்டுக் கேட்பாயாம். நாங்கள் திரும்பி வந்ததும் எந்த வண்டி எந்த இடத்தில் எந்தப் பக்கம் ஏறியது என்று எனக்கே திருப்பிச் சொல்வாய். "நீ எங்கலே பாத்த?" என்று உன் அப்பா கேட்டால், "கேட்டுக்கிட்டே பாத்தேம்ப்பா" என்பாய். நான் வாங்கிய பொன்னாடைகள் எல்லாம் பீரோவில் கிடக்கின்றன, எது எந்த ஊரில் போட்டது என்று ஞாபகம் இல்லை. நீ சொன்ன அந்த வார்த்தை மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பொறவு நீ காலேஜ் போனாய். காலேஜ் பஸ்ஸில் டிரைவர் ரேடியோவைப் போட, பையன்கள் என்னைப் போலவே 'மலைப்பக்கம், மலைப்பக்கம்' என்று கத்தி உன்னைக் கிண்டல் செய்தார்கள். நீ வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நீ கத்துறத நிப்பாட்டும்மா, மானம் போகுது" என்றாய். அன்று நான் உன்னைத் திட்டவில்லை. அந்த வயதில் பெற்றவர்கள் மூச்சு விட்டாலே பிள்ளைகளுக்கு மானம் போகும். ஆனால் நிப்பாட்டவும் இல்லை. அடுத்த பந்தயத்துக்குப் போனேன். அந்த வழக்கத்தை இப்போது மட்டும் ஏன் மாற்றிக்கொள்வேன் என்று நினைத்தாய்?

இனி சுந்தரபாண்டியத்துப் பந்தயத்துக்கு வருகிறேன். பங்குனிப் பொங்கலுக்கு நடந்தது. கொடியைச் சுற்றித் திரும்பிய பிறகு முன்னால் இருந்தவை இரண்டே வண்டிகள். செவலைக் குதிரை சேத்தூர் மாரியப்பனுடையது, அவனே ஓட்டினான். வெள்ளைக் குதிரை உன் மாமனாருடையது, அவர் தம்பி மகன் ஓட்டினான். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மனப்பாடமாக இருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். "மலைப்பக்கம் செவலை, ஒரே கோட்டுல வருது. கண்மாய்ப்பக்கம் வெள்ளை. வெள்ளை ஏறுது, மலைப்பக்கம் ஏறுது. ஏலே, வழியக் குடு, வழியக் குடு! செவலைக்கு ரோடு இல்ல, சக்கரம் எறங்கிருச்சு, ஐயோ!" செவலை வண்டி மலைப்பக்கப் பள்ளத்தில் சாய்ந்தது. குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாரியப்பனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. வெள்ளை தனியாக வந்து கோட்டைத் தாண்டியது.

கமிட்டியில் உட்கார்ந்து பேசினார்கள். செவலைதான் கண்மாய்ப்பக்கம் வந்ததாம். வெள்ளைக்குக் குறுக்கே விழுந்து, தன் வேகத்தில் தானே போய் மலைப்பக்கப் பள்ளத்தில் சாய்ந்ததாம். வெள்ளைக்கு முதல் பரிசு, மாரியப்பனுக்குத் தடை. பந்தயத்தில் தோற்பது பெரிய விஷயம் இல்லை ராசா, இன்று தோற்றால் நாளை ஜெயிக்கலாம். ஆனால் குறுக்கே விழுந்தவன் என்று பெயர் வாங்கினால் ஊர் ஊராகச் செய்தி போய்விடும். அந்த ஆளை எந்த ஊர்ப் பந்தயத்திலும் இறக்கமாட்டார்கள். போன் வீடியோக்களை எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். தூசியும், பைக் பையன்களின் முதுகும், நடுவில் யாரோ ஒருவனின் கட்டை விரலும்தான் இருந்தன. மிச்சம் இருந்தது என் குரல் ஒன்றுதான். அதையும் மாற்றிவிட்டால் காரியம் சுத்தமாக முடிந்துவிடும்.

உன் மாமனார் நம் வீட்டுக்கு வந்தார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். குதிரைக்குக் காய்ச்சல் என்றால் லாயத்திலேயே படுத்துக்கொள்கிற மனுஷர். மரியாதையாகத்தான் பேசினார். "மைனி, நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் சொல்லல. திரும்பி உக்காந்து பாக்கீங்க, எடது வலதாத் தெரியும், வலது எடதாத் தெரியும். கண்ணுதான மாறிப்போச்சு? ஞாயித்துக்கெழமை நிகழ்ச்சியில ஒத்த வார்த்தை சொல்லிருங்க, நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் நல்லது" என்றார். நான் காபி கொடுத்தேன். "அண்ணாச்சி, எடது வலதுதான மாறும்? மலை எப்படி மாறும்?" என்று கேட்டேன். அவர் காபியைப் பாதி குடித்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். உன் அப்பாவிடம், "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க" என்றார். உன் அப்பா சொன்னதைக் கேள்: "நான் முன்னாடி பாத்து வண்டி ஓட்டுனவன். பின்னாடி என்ன நடந்துச்சுன்னு இவ சொல்லித்தான் இம்புட்டு வருசமும் எனக்கே தெரியும். இன்னைக்கு மட்டும் நான் போயி அவளுக்கு எடுத்துச் சொல்லவா?"

எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய்ச் செத்த நேரம் நின்றுவிட்டு வந்தேன். கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு நான் சொல்கிற புத்திமதி இதிலிருந்துதான் வருகிறது. இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பாதி ரோடு யாருக்கும் தெரியாமல் போகும். உன் பெண்டாட்டி பார்க்கிற பக்கம் உனக்குத் தெரியாது. அவள் வண்டி வருகிறது என்று சொன்னால் வருகிறது. திரும்பிப் பார்த்துச் சோதித்துக்கொண்டே ஓட்டினால் இரண்டு பேரும் விழுவீர்கள். நீ ஓட்டு, அவளைச் சொல்ல விடு, அவள் ஓட்டும்போது நீ சொல்லு. எங்களுக்குள் சண்டை இல்லாமல் இல்லை. பருப்பில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்ட ஆள்தான் உன் அப்பா. ஆனால் நான் கண்டதைக் காணவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சேத்தூருக்குப் போய் மாரியப்பனையும் பார்த்தேன். தோளில் கட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான். உன்னைவிட நாலைந்து வயது மூத்தவனாக இருப்பான், அவ்வளவுதான். பந்தயத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனேதான் சொன்னான்: "யக்கா, பரிசு கெடக்குது, யாராச்சும் தின்னுட்டுப் போகட்டும். எம்மவன் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க அவன்ட்ட 'ஒங்கப்பன் குறுக்க வுழுந்தவன்'னு சொல்லுதாங்களாம். அதத்தான் தாங்க முடியல. நீங்க சொன்னத மாத்திருவீங்கன்னு ஊருல பேசுதாங்க. மகன் கல்யாணம் இருக்குல்ல, மாத்தத்தான செய்வீங்க." என் மேல் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் மாற்றிவிடுவேன் என்று அவன் முடிவே செய்துவிட்டான், அதுவும் அதில் தப்பில்லை என்பதுபோலச் சொன்னான். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. இந்த வயதில் எனக்கு இரத்தக் கொதிப்பு வேறு.

நீ போனில் என்னிடம், 'எவனோ ஒருத்தனுக்காகப் பெத்த பிள்ளை வாழ்க்கையக் கெடுக்கியே' என்றாய். தம்பி, எவனோ ஒருத்தன் என்று நீ சொல்கிற ஆளின் பெயரை உனக்கு முதலில் சொன்னது யார்? நான் சொல்லி நீ கேட்டாய். கேட்டவர்கள் எல்லோரும் கண்ணால் பார்க்க முடியாததை என் வாயை நம்பிப் பார்த்தார்கள். தறிக்கூடத்தில் வேலை செய்துகொண்டே கேட்டவர்கள், படுக்கையில் கிடந்து கேட்டவர்கள், வெளியூரில் போனில் கேட்டவர்கள். அத்தனை பேர் கண்ணையும் வாங்கி என் முகத்தில் வைத்துக்கொண்டுதான் நான் பின்பக்கம் திரும்பி உட்காருகிறேன். உனக்குக் கல்யாணம் என்பதற்காக அவர்கள் கண்ணில் மண்ணைப் போடமாட்டேன். தலைகீழாக நின்றாலும் நடக்காது. என்னைப் பிடிவாதக்காரி என்று சொல், ராங்கிக்காரி என்று சொல், எனக்கு இரண்டும் பழக்கமான பெயர்கள்தான்.

உனக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். அன்றைக்குப் பந்தயம் முடிந்து நான் இடுப்புச் சேலையைக்கூட அவிழ்க்கவில்லை, முதலில் வந்த போன் உன்னுடையது. பெங்களூரில் உட்கார்ந்து போனிலேயே ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய், எனக்கே தெரியாது. நிறுத்தச் சொன்ன பிள்ளை இன்னும் கேட்கிறானே என்று சந்தோஷத்தில் உன் அப்பா முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். நீ என்ன கேட்டாய்? "அம்மா, செவலை ஓட்டுனவருக்கு அடி பலமா? வெள்ளை ஏம்மா இப்படிப் போயி ஏறுனான்?" வெள்ளை யாருடைய குதிரை என்பது உனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் கேட்டாய். மாமனார், மண்டபம், பத்திரிகை எதுவும் குறுக்கே வருவதற்கு முன்னால் உன் வாயில் வந்த வார்த்தை அது. நீயும் பார்த்தாய் ராசா. கேட்டுக்கிட்டே பார்த்தாய். நான் தப்பாகப் பார்த்தேன் என்று சொல்வதென்றால் நீயும் சேர்ந்து சொல்லவேண்டும்.

அந்தப் பெண் இன்று காலையில் பேசினாள். "அத்தை, அப்பாவுக்காகவும் நான் கேக்க மாட்டேன், எனக்காகவும் கேக்க மாட்டேன். நாளைக்கு ரேடியோவப் போட்டு உக்காந்திருப்பேன், அம்புட்டுதான்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. உனக்கு வேண்டுமானால் நீ கேட்டுக்கொள். எங்கள் முகத்தையும் உன் மாமனார் முகத்தையும் பார்க்காமல் நீங்கள் இரண்டு பேரும் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். பத்திரிகை அடிக்காமல் எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கிறது.

நாளைக் காலை நிகழ்ச்சியில் முதல் பாட்டு முடிந்ததும் நான் பேசுவேன். யார் பெயரையும் இழுக்கமாட்டேன், யாரையும் திட்டமாட்டேன். சுந்தரபாண்டியத்துப் பந்தயத்தில் நான் சொன்னது தப்பா என்று பல பேர் கேட்கிறார்கள், அதற்குப் பதில் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, அன்று சொன்னதையே திரும்பச் சொல்வேன். மலைப்பக்கம் செவலை. கண்மாய்ப்பக்கம் வெள்ளை. வெள்ளைதான் மலைப்பக்கம் ஏறியது. அதோடு அடுத்த பாட்டைப் போடச் சொல்லிவிடுவேன். சேத்தூரில் ஒரு வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். நீயும் போடு. போடாவிட்டாலும் பரவாயில்லை, என் குரல் உனக்குத் தெரியும்.

அதன்பிறகு கல்யாணம் நடந்தால் முகூர்த்தத்துக்கு முந்தின நாளே வந்துவிடுவேன். என்னை அழைக்கவேண்டாம் என்று யாராவது சொன்னாலும் வருவேன், பெற்றவளுக்கு எதற்கு அழைப்பு? பட்டுச்சேலை எடுத்து வைத்திருக்கிறேன், மாம்பழக் கலர். ஓரமாகவோ பின்வரிசையிலோ உட்காரச் சொன்னால் உட்காரமாட்டேன். நீ தாலி கட்டும்போது உனக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் இருப்பேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக் கட்டு. எனக்கு எதையும் முகத்துக்கு நேரே பார்த்துத்தான் பழக்கம்.

உன் அம்மா